இரு சொல், ஒரு பெயர்

பெற்றோர் இயற்றும் மிகச் சிறிய இலக்கியம் பிள்ளைக்கு வைக்கும் பெயர். அதில் ஒன்றோ இரண்டோ சொற்களே உண்டு. ஆயினும், எந்தக் கவிஞனின் எந்தப் பாட்டும் அத்தனை முறை வாய்விட்டுச் சொல்லப்படுவதில்லை. தொட்டிலருகே தாய் கொஞ்சுவதும், மதரஸாவில் உஸ்தாது அழைப்பதும், நிக்காஹ் பதிவேட்டில் எழுதப்படுவதும், கடைசியில் மீஸான் கல்லில் பொறிக்கப்படுவதும் அதே சொற்கள்தாம். ஒரு செய்யுளைக் கையில் எடுத்தால் அதன் சொல்லையும் பொருளையும் ஓசையையும் மரபையும் நிறுத்துப் பார்க்கிறோம். பெயரையும் அவ்வாறு நிறுத்துப் பார்த்தால் என்ன?

இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. அண்மைக் காலமாக நம் இல்லங்களில் பிள்ளைக்கு ஒரு சொல்லால் பெயரிட்டு நிறுத்துவது அருகி வருகிறது. முதற்பெயர் ஒன்று, நடுப்பெயர் ஒன்று என்று இரண்டாகத் தேடுகிறார்கள். ஆங்கில விண்ணப்பப் படிவங்களின் கட்டங்கள் இந்த வழக்கத்தை வளர்த்தன. இரண்டாகத் தேடுவதில் நமக்கு மறுப்பில்லை. நம் முன்னோரும் இரண்டு சொல், மூன்று சொல் பெயர்களையே பெரிதும் சூடினர். ஆனால் அவர்கள் சேர்த்த முறை வேறு, இன்று சேர்க்கப்படும் முறை வேறு. இரண்டு நல்ல சொற்களை அடுத்தடுத்து வைத்துவிட்டால் நல்ல பெயர் ஆகிவிடாது. இரண்டுக்கும் இடையே ஓர் உறவு இருக்க வேண்டும். அவ்வுறவு இலக்கணத்தால் வரலாம், வரலாற்றால் வரலாம், குடும்பத்தின் அன்பால் வரலாம். இம்மூன்றில் ஒன்றும் இன்றி ஓசையினிமை ஒன்றையே நம்பிப் பிணைத்த பெயர், பந்தலுக்குக் கட்டிய காகிதத் தோரணம் போன்றது. அன்றைக்கு அழகுதான். ஆனால் பெயர் அன்றைக்கு மட்டும் வைப்பதன்று.

பட்டியல்கள் செய்வது என்ன?

பெயர் தேடும் பெற்றோர்க்கு இன்று இரண்டு துணைகள் உள்ளன. முஸ்லிம் குழந்தைகளுக்கான பெயர்கள் என்று கடைகளில் விற்கும் சிறு நூல்கள் ஒன்று. கைப்பேசியில் கைமாறி வரும் பட்டியல்கள் மற்றொன்று. இவற்றைத் தொகுத்தோரின் நோக்கம் நல்லதே. அரபு அறியாத பெற்றோர்க்குப் பொருள் சொல்லி உதவ விரும்பினார்கள். ஆயினும் இவ்வகை நூல்களில் மூன்று குறைகள் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன.

முதலாவது, சொல்லின் வேரைக் காட்டுவதில்லை. அரபுச் சொல்லுக்கு உயிர் அதன் மூலவெழுத்துகளில் உள்ளது. அவற்றை விட்டுவிட்டுத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதிய வடிவை மட்டும் தந்தால், ஒரே வடிவில் எதிரெதிரான இரு சொற்கள் ஒளிந்திருக்க இடமுண்டு. இரண்டாவது, பொருள் சொல்லும்போது எல்லாவற்றையும் 'ஒளி', 'அழகு', 'சுவனத்து மலர்' என்ற வட்டத்துக்குள் அடக்கிவிடுகிறார்கள். மூன்றாவது குறையே நம் பொருளுக்கு நெருங்கியது. சொற்களைத் தனித்தனியே அகர வரிசையில் அடுக்குகிறார்களே தவிர, எது எதனோடு சேரும், எது தனித்து நிற்கும், எது தனித்து நிற்காது என்று ஒரு வரியும் எழுதுவதில்லை. 'அப்துல்' என்பதையே தனிப்பெயராக வரிசையில் நிறுத்தும் பட்டியல்களும் உண்டு. நாணின்றி வில்லை விற்பது போன்றது இது.

இலக்கணத்தால் வரும் உறவு

பண்டை அரபுகள் ஒரு மனிதரைக் குறிக்க ஐந்து உறுப்புகளைக் கையாண்டனர். இயற்பெயர் இஸ்ம். 'இன்னாரின் தந்தை', 'இன்னாரின் தாய்' என்று வருவது குன்யா. தந்தை, பாட்டன் என்று ஏறிச்செல்வது நஸப். சிறப்புப் பெயர் லகப். ஊராலும் குலத்தாலும் வருவது நிஸ்பா. இன்று நாம் பிள்ளைகளுக்குச் சூட்டும் இருசொற் பெயர்களில் பெரும்பாலானவை இவ்வைந்தின் சேர்க்கைகளே. 'நடுப்பெயர்' என்ற ஆங்கிலக் கட்டம் தோன்றுமுன்பே நம்மிடம் அதைவிட வளமான ஓர் ஒழுங்கு இருந்தது என்பதை முதலில் உணர வேண்டும்.

அல்லாஹ்வுக்கு மிக உவப்பான பெயர்கள் அப்துல்லாஹ்வும் அப்துர்ரஹ்மானும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியதை இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக முஸ்லிம் ஹதீது நூல் பதிவு செய்கிறது. இவை அரபு இலக்கணத்தார் 'இளாஃபத்' என்று கூறும் பிணைப்பால் ஆனவை. தமிழில் ஆறாம் வேற்றுமைத் தொகை போன்றது அது. தமிழில் உடையவன் முன்னும் உடைமை பின்னும் வரும். அரபில் உடைமை முன்னும் உடையவன் பின்னும் வரும். 'அப்து' என்றால் அடிமை. 'அர்ரஹ்மான்' அளவிலா அருளாளன். இரண்டும் கூடினால்தான் 'அருளாளனின் அடிமை' என்ற பொருள் பிறக்கிறது. 'அப்துல்' என்று அறுத்துவிட்டால் எஞ்சுவது யாருக்கு அடிமை என்று சொல்லாத, தொங்கி நிற்கும் அரைச் சொல்.

இப்பிணைப்பில் ஒலி திரிவதும் உண்டு. அரபு எழுத்துகளில் பதினான்கு சூரிய எழுத்துகள் எனப்படும். அவற்றின் முன் 'அல்' என்னும் சுட்டிலுள்ள லகரம் தன்னை இழந்து அவ்வெழுத்தாகவே மாறும். அதனால்தான் அப்துல் ரஹ்மான் அப்துர்ரஹ்மான் ஆகிறது. அப்துல் ஸமது அப்துஸ்ஸமது ஆகிறது. அப்துல் காதிரில் மட்டும் லகரம் அப்படியே நிற்கிறது. தமிழ் கற்றவர்க்கு இது புதுமையன்று. பல்லும் பொடியும் கூடிப் பற்பொடி ஆவதையும், நெல்லும் மணியும் கூடி நென்மணி ஆவதையும் அறிந்த செவி, அப்துர்ரஹ்மானை எளிதில் ஏற்கும். இரு மொழியும் புணர்ச்சியில் லகரத்தை நெகிழ்த்துகின்றன. சொற்கள் உறவு கொண்டுவிட்டன என்பதற்கு அந்நெகிழ்ச்சியே சான்று.

இங்கே ஒரு நடைமுறை உண்மையை எண்ணிப் பார்க்க வேண்டும். இருசொற் பெயர் எதுவாயினும் வீட்டிலும் வீதியிலும் அது பாதியாகிவிடும். நாவு சுருக்கத்தையே விரும்பும். ஆகவே பெயர் வைக்கும்போதே, பாதியாகும்போது என்ன மிஞ்சும் என்று பார்ப்பது அறிவுடைமை. ஷம்ஸுத்தீன் என்றால் 'மார்க்கத்தின் ஞாயிறு'. அது 'ஷம்ஸு' என்று சுருங்கினால் ஞாயிறு எஞ்சும், பழுதில்லை. ஜமாலுத்தீன் 'ஜமால்' ஆனால் அழகு எஞ்சும். நூருல் ஹுதா 'நூர்' ஆனால் ஒளி. 'ஹுதா' ஆனால் நேர்வழி. எப்பக்கம் அறுத்தாலும் பொருள் உண்டு. அப்துர்ரஹ்மானை அறுத்தாலோ ஒருபக்கம் பொருளற்ற 'அப்துல்' நிற்கும். மறுபக்கம் இறைவனுக்கே உரிய 'ரஹ்மான்' என்ற திருநாமம் மனிதன் மேல் ஏறிவிடும். ரஹ்மான், காலிக், ரஸ்ஸாக் போன்ற திருநாமங்களை அடிமைச் சொல் இன்றி மனிதரை அழைக்கப் பயன்படுத்தலாகாது என்று உலமாக்கள் எச்சரித்து வந்திருக்கின்றனர். தெருவில் நாம் 'ரஜாக்கு' என்று கூவும்போது 'உணவளிப்பவனே' என்றல்லவா ஒரு சிறுவனை அழைக்கிறோம்?

இதற்காக அப்து என்று தொடங்கும் பெயர்களைக் கைவிட வேண்டியதில்லை. ஒன்றாகச் சேர்த்து எழுதினால் போதும். அப்துல்லாஹ் என்ற பெயரை எவரும் அறுப்பதில்லை. காரணம், அதை யாரும் இரண்டாக எழுதுவதில்லை. அப்துர்ரஹ்மான், அப்துல்காதிர், அப்துஸ்ஸமது என இடைவெளியின்றி எழுதும் பழக்கம் பரவினால், கண் ஒன்றாகக் கண்டதை நாவும் ஒன்றாகவே சொல்லும்.

வேறொரு பிழையும் இன்று பெருகுகிறது. 'அல்' என்ற சுட்டு ஓசைக்கு இனியது என்று கருதி, பொருந்தாத இடத்திலும் அதை நுழைக்கிறார்கள். 'நூருல் பாத்திமா' என்று பெண்மகவுக்குப் பெயரிடுவது அத்தகையது. பாத்திமா என்பது இயற்பெயர். அதன்முன் 'அல்' வாராது. நூர் பாத்திமா என்று வாளா நிறுத்தினால் இரண்டும் நல்ல பெயர்களாய்த் தோளோடு தோள் நிற்கும். பெண்பாற் பெயர்களில் பால் பொருந்துவதையும் நோக்க வேண்டும். ஆயிஷாவோடு சிறப்புப் பெயராகச் சேர்வது சித்தீக்கா. சித்தீக் என்றால் அது தந்தையின் பெயராக இருக்கலாமே ஒழிய மகளின் சிறப்பாக இராது.

வரலாற்றால் வரும் உறவு

சில இணைகள் இலக்கணத்தால் மட்டும் பிணைந்தவை அல்ல. ஒரு வாழ்வால் பிணைந்தவை. உமர் பாரூக், அபூபக்கர் சித்தீக், உஸ்மான் கனி, ஹலீமா ஸஃதிய்யா, கதீஜத்துல் குப்ரா, ராபிஅத்துல் பஸரிய்யா ஆகியவற்றை எடுத்துக்கொள்வோம். முதற்சொல் ஒருவரைக் காட்டுகிறது. இரண்டாம் சொல் அவர் எத்தகையவர், எவ்விடத்தவர் என்று காட்டுகிறது. உமர் என்ற பெயருடையோர் பலர் இருந்தனர். உண்மையையும் பொய்யையும் பிரித்தவர் என்ற பொருளில் பாரூக் என்னும் சிறப்பு சேர்ந்ததும் நினைவு ஒருவரிடமே செல்கிறது. ஸஃதிய்யா என்ற நிஸ்பா, அண்ணலாருக்குப் பாலூட்டிய அன்னையின் குலத்தை நினைவூட்டுகிறது.

இவ்வகையில் நிறைவான சேர்க்கை 'முஹ்யித்தீன் அப்துல் காதிர்' என்று சொல்லத் தோன்றுகிறது. ஹிஜ்ரி 561-இல், அதாவது 1166-இல் பகுதாதில் மறைந்த ஜீலானி (ரஹ்) அவர்களின் இயற்பெயர் அப்துல் காதிர். மார்க்கத்தை உயிர்ப்பித்தவர் என்ற பொருளுடைய முஹ்யித்தீன் அவர்களின் சிறப்புப் பெயர். தமிழ் முஸ்லிம் இல்லங்களில் முகைதீன் அப்துல் காதர் என்று பிள்ளைக்குப் பெயரிட்டபோது, பெற்றோர் இரு பெயர்களைத் தேடி ஒட்டவில்லை. ஏற்கெனவே ஒருவர் வாழ்வில் ஒன்றான சிறப்பையும் இயற்பெயரையும் அப்படியே எடுத்துப் பிள்ளைக்கு அணிவித்தார்கள். அந்த இணை பிரிந்தாலும் ஒன்று மற்றொன்றை நினைவூட்டும்.

நாகூரில் அடங்கியுள்ள ஷாஹுல் ஹமீது (ரஹ்) அவர்களின் பெயரும் இங்கே நோக்கத் தக்கது. 'ஷாஹ்' பாரசீகச் சொல். 'அல்ஹமீது' அரபுச் சொல். பாரசீகத்தை அரபுச் சுட்டால் பிணைத்த இச்சேர்க்கை, கண்டிப்பான இலக்கணத்தார்க்குக் கலப்பு மணமாகத் தோன்றும். ஆனால் பதினாறாம் நூற்றாண்டிலிருந்து சோழ மண்டலக் கரையெங்கும் தலைமுறை தலைமுறையாக அப்பெயர் வழங்கி வருகிறது. அதன் பிணைப்பை இனி எவரும் அவிழ்க்க இயலாது. நன்னூலார் இயல்பு வழக்கை இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ என மூன்றாக வகுத்தார். நம் பெயர்களுக்கும் அவ்வகுப்பு பொருந்துகிறது. அப்துர்ரஹ்மான் இலக்கணமுடையது. ஷாஹுல் ஹமீதை இலக்கணப்போலியின் வரிசையில் வைக்கலாம். மரூஉவுக்கு எடுத்துக்காட்டு கீழக்கரை வள்ளலின் பெயர். ஷைகு அப்துல் காதிர் என்னும் பெயர் தமிழ் நாவில் உருகிச் சீதக்காதி ஆயிற்று. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்ற பழமொழியைச் சொல்லுகிற நாட்டுப்புறத்து மக்களில் எத்தனை பேருக்கு அதனுள் ஓர் அரபுப் பெயர் இருப்பது தெரியும்? அவ்வளவு முழுமையாகத் தமிழ் அதைத் தனதாக்கிக் கொண்டது.

மரூஉவை நாம் இழிவாகக் கருதவில்லை. ஆயினும் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். சீதக்காதி என்ற மரூஉவைப் பெற்றோர் தொட்டிலில் வைக்கவில்லை. அவர்கள் வைத்தது முழுப்பெயர். மக்கள் அன்பால் தேய்த்தது மரூஉ. தேய்ந்த காசு மதிப்புடையது; அச்சிடும்போதே தேய்த்து அச்சிடுவார் இல்லை.

குடும்பத்தால் வரும் உறவு

மூன்றாம் உறவு இல்லத்துக்குள் பிறப்பது. பாட்டனார் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம்மவர் வழக்கம். வைத்த பின் ஓர் இடர்ப்பாடு எழும். மாமனார் பெயரை மருமகள் எப்படிச் சொல்லி அழைப்பாள்? கடிந்துகொள்ளும்போது எப்படிச் சொல்வாள்? அதனால் இரண்டாவதாக ஓர் அழைப்புப் பெயர் தேவையாயிற்று. தம்பி, கனி, முத்து, கண்ணு என்ற தமிழ்ச் சொற்கள் அரபுப் பெயர்களோடு கைகோத்த காரணங்களுள் இதுவும் ஒன்று. கோட்டாற்றுச் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரின் பெயரில் அரபு 'ஷைகு'வும் தமிழ்த் 'தம்பி'யும் வல்லெழுத்து மிகப் புணர்ந்து நிற்பதைக் காண்க. முதியோனைக் குறிக்கும் சொல்லும் இளையோனைக் குறிக்கும் சொல்லும் ஒரே பெயரில் அடங்கிய அழகு அது.

பிச்சை இபுறாகீம் புலவரின் பெயரில் முன்னிற்கும் 'பிச்சை' என்னும் சொல்லையும் கருதுக. பிள்ளைகள் தங்காத வீட்டில், பிறந்த மகவை இறைவன் இட்ட பிச்சை என்று பணிவுடன் அழைப்பது தமிழகத்தில் எல்லாச் சமயத்தாரிடமும் இருந்த வழக்கம். அத்தகைய சொல்லை நாகரிகமற்றது என்று இக்காலத்துப் பட்டியல்கள் ஏறிட்டும் பாரா. எனினும் 'ஒளிவீசும் வைரம்' என்று பொருள் கூறப்படும் பத்துப் பெயர்களைவிட, ஒரு தாயின் அச்சமும் நன்றியும் உறைந்த அந்த ஒரு சொல்லில் இலக்கியம் மிகுதி.

பெண்பாற் பெயர்களிலும் இவ்வளம் உண்டு. 1938-இல் 'காதலா கடமையா' என்னும் புதினத்தை எழுதிய நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்களின் பெயரைப் பிரித்துப் பார்த்தால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. 'சித்தி' என்பது நம் சிற்றன்னை அன்று. 'என் தலைவி' எனப் பொருள்படும் 'ஸித்தீ' என்னும் அரபுச் சொல். பேகம் என்பது துருக்கியில் பிறந்த சொல். அதற்கும் 'என் தலைவி' என்பதே பொருள். இரு மொழிகள் இருபுறமும் நின்று ஒரு பெண்ணை ஒரே மரியாதையால் அழைக்கின்றன. பொருள் ஒன்றே இரட்டித்தாலும் அப்பெயர் சுமையாகத் தோன்றவில்லை. மரியாதை இரட்டிப்பது குற்றமாகுமா?

பரக்கத்தை நாடி எல்லா ஆண்மக்களுக்கும் 'முகம்மது' என்று முன்னொட்டும் வழக்கத்தையும் இவ்விடத்தில் நினைக்கிறோம். அன்பின் வெளிப்பாடு அது. அதைக் குறை கூறுவார் இலர். ஆனால் அலுவலகங்கள் முதற்சொல்லையே பெயராகக் கொள்வதால், வகுப்பில் ஆசிரியர் 'முகம்மது' என்றதும் பாதி வகுப்பு எழுந்து நிற்கிறது. எனவே முன்னொட்டு வைப்போர், பின்வரும் சொல்லைத் தெளிவாகவும் முழுமையாகவும் தேர்ந்து, அழைக்கும் பெயர் அதுவே என்று ஆவணத்திலும் வீட்டிலும் நிலைநாட்ட வேண்டும்.

எழுத்தில் ஒளிந்திருக்கும் பொருள்

உமர் (ரலி) அவர்களின் மகளொருவர்க்கு ஆஸியா என்று பெயர் இருந்தது. அண்ணலார் அதை மாற்றி ஜமீலா என்று வைத்தார்கள். இதைப் படிக்கும் தமிழ் வாசகர் திகைப்பார். பிர்அவ்னின் மனைவியாயிருந்தும் ஈமானில் உறுதியாய் நின்ற அம்மையாரின் பெயரும் ஆஸியா அன்றோ? அப்பெயரை ஏன் மாற்ற வேண்டும்? விடை எழுத்தில் உள்ளது. மாற்றப்பட்ட பெயர் ஐன் என்ற தொண்டையொலியில் தொடங்கி ஸாத் என்ற வல்லொலியைக் கொண்டது. 'கட்டளையை மீறுபவள்' என்று பொருள். பிர்அவ்னின் மனைவியாருடைய பெயர் அலிஃபில் தொடங்கி ஸீனைக் கொண்டது. அரபில் இரண்டும் வானும் மண்ணும்போல் வேறு. தமிழில் இரண்டும் ஆஸியா. அதுபோலவே 'அலீம்' என்பது ஐனில் தொடங்கினால் முற்றறிவுடையோன். அலிஃபில் தொடங்கினால் துன்புறுத்துவது.

தமிழ் எழுத்தை மட்டும் குறைகூறுவது நீதியாகாது. தொண்டையொலிகளைத் தமிழ் காக்காவிடினும், குறில் நெடிலை அது உறுதியாகக் காக்கிறது. ஜமால் அழகு, ஜமல் ஒட்டகம். தமிழில் எழுதியவுடன் வேறுபாடு கண்ணில் படும். ஆங்கில எழுத்தில் இரண்டையும் ஒரே வடிவில்தான் வழக்கமாக எழுதுகிறார்கள். எனவே ஆங்கில எழுத்துக் கூட்டலை மட்டும் கொண்டு பெயர் தேர்வோர் இரட்டை இழப்புக்கு உள்ளாகிறார்கள்.

நம் முன்னோர் அரபுத்தமிழில் எழுதினர். அரபு வரிவடிவத்தில் தமிழை எழுதிய அம்முறையில், பெயர்கள் தம் மூலவெழுத்துடனேயே நின்றன. நாவு 'கமீது' என்றாலும் ஏட்டில் ஹா ஹாவாகவே இருந்தது. நாவுக்குத் தமிழ், ஏட்டுக்கு அரபு என்ற அந்த இரட்டைக் காவல் அரபுத்தமிழ் அருகியபின் போயிற்று. அதை மீட்கப் பெருமுயற்சி வேண்டா. பெயர் வைக்கும் நாளில் அதை ஒருமுறை அரபெழுத்தில் ஆலிம் ஒருவரைக் கொண்டு எழுதி, வீட்டுக் குறிப்பேட்டில் வைத்தால் போதும். எழுத்து நிலைபெற்றால் பொருளும் நிலைபெறும்.

திருமறைச் சொல்லெல்லாம் பெயராகுமா?

திருமறையில் இருக்கும் சொல் என்ற ஒரே காரணத்தால் அதைப் பெயராக்கும் ஆர்வம் இன்று மிகுந்துள்ளது. 'அலைனா' என்று பெண்மக்களுக்குப் பெயர் வழங்குகிறது. ஓசை இனிது, திருமறையில் பல இடங்களில் வருவது. ஆனால் அது பெயர்ச்சொல்லே அன்று. 'எங்கள் மீது' என்று பொருள்படும் இடைச்சொற் கூட்டு. 'ஆனியா' என்பது 88-ஆம் அத்தியாயத்தில் நரகவாசிகள் பருகும் கொதிநீரூற்றுக்கு அடைமொழியாக வருகிறது. நூல் புனிதமானது, அதனால் அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் ஒரு குழந்தையின் நெற்றியில் எழுதத் தக்கதென்று ஆகாது. திருமறையில் பிர்அவ்னும் வருகிறான்.

அண்ணலாரின் முறையோ பொருளையும் பயனையும் ஒருங்கே நோக்கியது. பர்ரா, அதாவது நற்பண்பினள் என்ற பெயரை ஸைனப் என்றும் ஜுவைரிய்யா என்றும் மாற்றினார்கள். பொருள் நல்லதே, ஆனால் தன்னைத் தானே தூயவள் எனப் பறைசாற்றும் பெயராயிற்றே என்பது காரணம். யஸார், ரபாஹ், நஜீஹ், அஃப்லஹ் போன்ற பெயர்களை வேண்டாம் என்றதற்குச் சொன்ன காரணம் இன்னும் நுட்பமானது. ரபாஹ் என்றால் இலாபம். 'ரபாஹ் இருக்கிறாரா?' என்று ஒருவர் கேட்க, 'இல்லை' என்று விடை வந்தால், அந்த வீட்டில் இலாபம் இல்லை என்றாகிவிடும் அல்லவா? பெயர் ஏட்டில் எப்படி இருக்கிறது என்பதோடு நில்லாமல், வாசலில் நின்று கூப்பிடும்போது எப்படி ஒலிக்கும் என்றும் பார்த்தார்கள். பெயர்த் திறனாய்வுக்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டுமா?

அதே வேளையில் அவர்கள் கடுமை காட்டவில்லை. ஹஸ்ன் என்ற பெயருடைய ஒருவரை, கரடுமுரடான நிலம் என்னும் அப்பெயரை விட்டு ஸஹ்ல், அதாவது மென்னிலம் என்று வைத்துக்கொள்ளப் பணித்தார்கள். தந்தை இட்ட பெயரை மாற்றேன் என்று அவர் மறுத்தார். அண்ணலார் வற்புறுத்தவில்லை. அக்கரடு தம் குடும்பத்தில் நீங்கவில்லை என்று அவருடைய பேரர் ஸயீத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) பிற்காலத்தில் கூறியதைப் புகாரி பதிவு செய்கிறது. ஹஸன் அழகியவர், ஹஸ்ன் கரட்டு நிலம். தமிழில் இரண்டுக்கும் இடையே உள்ளது ஒரு புள்ளி.

புதிய இணைகள் யாவும் பழுது என்பது நம் கருத்தன்று. நோன்பாளிகள் நுழையும் சுவன வாயிலின் பெயர் ரய்யான். ரமலானில் பிறந்த மகனுக்கு முகம்மது ரய்யான் என்று வைத்தால், அது புதிய பெயராயினும் அதில் காலமும் நன்றியும் கலந்த உறவு உண்டு. அதே ரய்யானை, முன் பிறந்தவன் பெயருக்கு எதுகையாக ஒலிக்கிறது என்று மட்டும் வைத்தால், சொல் மாறவில்லை, பிணைப்பு மாறிவிட்டது. பத்து ஆண்டு கழித்து 'எனக்கு ஏன் இந்தப் பெயர்?' என்று பிள்ளை கேட்கும். அப்போது சொல்ல ஒரு விடை இருக்கிறதா என்பதே உரைகல்.

ஏட்டில் ஏறும்போது

பெயரின் தலைவிதி இன்று ஆவணத்தில் முடிவாகிறது. 2023-இல் திருத்தப்பட்ட பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறந்தவர்க்குப் பள்ளிச் சேர்க்கை முதல் கடவுச்சீட்டு வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை. அதில் இரண்டாகப் பிளந்து எழுதப்பட்ட பெயர் வாழ்நாள் முழுதும் பிளந்தே நிற்கும். ஆயினும் மருத்துவமனையில் கேட்டவுடன் வாயில் வந்ததைச் சொல்லிவிட வேண்டியதில்லை. பெயரின்றியே பிறப்பைப் பதியலாம். பன்னிரண்டு மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். ஏழாம் நாளில் பெயர் சூட்டுவது நம் மரபு. முதல் நாளிலும் ஆகும்; தம் மைந்தர் இப்றாஹீமுக்கு அண்ணலார் பிறந்த இரவே பெயரிட்டார்கள். எப்படியாயினும் ஆலிமைக் கேட்கவும் எழுத்துக் கூட்டலைச் சரிபார்க்கவும் அவகாசம் உண்டு.

சேர்த்தெழுதுவதில் இன்று ஒரு சிக்கல் முளைத்துள்ளது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைச் சொற்பெயர் மட்டுமே உடைய பயணிகளை வருகை விசாவில் ஏற்பதில்லை என்று அறிவித்தது. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ மற்றொரு பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் என்று பின்னர்த் தளர்த்தியது. இதைக் கேட்டு அஞ்சி, அப்துல் என்பதை ஒரு கட்டத்திலும் ரஹ்மான் என்பதை மறு கட்டத்திலும் பிரித்து நிரப்புவோர் உண்டு. அது வேண்டா. பிள்ளையின் பெயரை ஒரு கட்டத்தில் முழுமையாக எழுதி, குடும்பப் பெயர்க் கட்டத்தில் தந்தையின் பெயரை முழுமையாக எழுதுக. பண்டை நஸப் முறையும் அதுவே. தலைப்பெழுத்தாகச் சுருங்கிக் கிடந்த தந்தையின் பெயர் அதனால் மீண்டும் முழுச்சொல்லாக நிமிரும். மகளுக்கும் அவ்வாறே செய்க. மணமான பின்னும் தந்தை பெயரையே தாங்குவது நம் பெண்மக்களின் உரிமை.

நாற்பது வயதான ஒருவன் அயல்நாட்டு அலுவலகத்தில், தன் பெயரில் பாதியைக் கேட்டு எழுந்து நிற்கிறான். அது இறைவனுக்கு மட்டுமே உரிய பாதி. அவன் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. படிவத்தை நிரப்பிய கை வேறு ஒருவருடையது. அந்தக் கை ஒரு கணம் நின்று, இவ்விரு சொல்லுக்கும் என்ன உறவு, எது பிரியலாம், எது பிரியலாகாது என்று எண்ணியிருந்தால் போதும். பிள்ளைக்கு நாம் தரும் முதற் கொடை பெயர். அதை முழுமையாகத் தருவோமாக.